பதினான்காம் கேள்வியில் ஒரு திருத்தம்

நாளைக்குப் பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த உங்கள் ஐந்து பேருக்கும் ஒரு பழைய பேட்டிப் படிவத்தின் நகலைக் கொடுப்பார்கள். பெயர், முகவரி எல்லாம் மறைத்திருக்கும். பதினான்காம் கேள்வி, 'குழந்தைக்கு நீண்டநாள் நோய் ஏதாவது உண்டா?' அதற்கு எதிரே 'மூட்டு வலி' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருக்கும். பக்கத்தில் வேறொரு சொல். அதற்குக் கீழே தேதியும் இரண்டு எழுத்தில் ஒரு கையொப்பமும் இருக்கும். அந்தக் கையொப்பம் என்னுடையது.

யார் இந்த அறிவாளி என்று சிரிப்பு வரும். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நடந்தது என்னவென்று அந்த நகலில் இருக்காது. இரண்டாவது குழந்தைக்காக அடுத்த வாரம் முதல் விடுப்பில் போகிறேன். நான் திரும்பி வரும்போது இந்த ஆய்வே முடிந்திருக்கும். அதனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். இதற்கு முன் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும், வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிறோம். வெள்ளைக்காரக் குடும்பங்களை வேறொரு குழு பார்க்கிறது. கிழக்கு லண்டனின் தமிழ்க் குடும்பங்கள் நம் பங்கு. 'தமிழ் நன்றாகத் தெரியும்' என்று விண்ணப்பத்தில் எழுதித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். நான் திருநெல்வேலிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கல்லூரியில்கூட இரண்டு வருடம் தமிழ். தமிழில் எனக்குச் சந்தேகம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வரும்.

முதல் வாரமே வந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவிடம் கடந்த மாதம் பிள்ளை பள்ளிக்கூடம் போகாத நாட்கள் பற்றிக் கேட்டேன்.

"போன கிழமை முழுக்கப் பிள்ளைக்கு வருத்தம்" என்றார்.

எனக்கு மனம் இளகிவிட்டது. "அச்சச்சோ, எதுக்கு வருத்தம்? ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த அவருடைய கணவர்தான் முதலில் சிரித்தார்.

"இஞ்ச பாருமப்பா, இந்தியாக்காரருக்கு வருத்தம் மனசிலைதான் வருமாம்! எங்களுக்கு உடம்பிலை வரும் தங்கச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல்!"

அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். எல்லோரும் சிரித்தோம், தேநீர் குடித்தோம், ஒரு துண்டு கேக்கும் தந்தார்கள். ஒரு பொல்லாப்பும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் காது சுட்டது. தமிழ் தெரியும் என்று வேலைக்கு வந்துவிட்டு, தமிழ் தெரியாமல் உட்கார்ந்திருந்தேனே என்று. அன்றிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. விளங்காத சொல் வந்தால் திரும்பக் கேட்க மாட்டேன். தலையை ஆட்டுவேன். முன்னும் பின்னும் உள்ள பேச்சை வைத்து ஊகித்து எழுதிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. பெயர் சொல்லக்கூடாது என்பது நம் விதி. தாயை அக்கா என்கிறேன், மகளை அபி என்று வைத்துக்கொள்வோம். அபிக்கு ஏழு வயது, யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தகப்பன் முதலில் வந்து, பிறகு தாயையும் மகளையும் இங்கே வரவழைத்திருந்தார். தம்பிக்கு இரண்டு வயது, இங்கே பிறந்தவன். நம் ஆய்வின் இரண்டு பிரிவும் ஒரே வீட்டில் இருந்தன. அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது படிவத்தில் முதல் கேள்வியே 'குழந்தை எங்கே பிறந்தது?' என்பதுதான். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். அக்கா ஒரு விநாடி, வேலைக்குப் போயிருந்த கணவரின் வெற்று நாற்காலியைப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

மருத்துவப் பதிவுகள் இருந்தால் காட்டச் சொன்னேன். தம்பிக்குச் சிவப்புப் புத்தகம் வந்தது. பிறந்த பிள்ளைக்கெல்லாம் இங்கே கொடுப்பார்களே, அதுதான். எடை, ஊசி, வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸின் கையெழுத்து, ஒரு பக்கமும் விடுபடவில்லை. அபிக்கு ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த கிளினிக் அட்டை வந்தது. கடைசிக் குறிப்பு ஊரில் எழுதியது. இங்கே எந்த டாக்டரிடமும் அவளைப் பதியவில்லை.

"பிள்ளைக்கு நீண்டநாள் நோய் ஏதாவது இருக்கா அக்கா?"

"இவளுக்கு முட்டு. சின்னனிலையிருந்து. அதாலைதான் இண்டைக்குப் பள்ளிக்கூடம் விடேல்லை."

முட்டு. என் காதில் அது மூட்டாக விழுந்தது. எங்கள் ஊரிலும் முழங்காலை முட்டு, முட்டி என்றெல்லாம் சொல்வார்கள். வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

"எப்பல்லாம் வரும்?"

"ஓடினா முட்டும். படி ஏறினாலும் முட்டும், நிண்டு நிண்டுதான் வருவள். குளிர் எண்டா சொல்லத் தேவையில்லை. ஊரிலையிருந்து கொண்டந்த மருந்தும் முடிஞ்சுபோச்சு."

ஓடினால், படி ஏறினால், குளிரில். மூட்டு வலியேதான், வேறென்ன? அத்தனையும் பொருந்திப் போனது. ஒரே ஒரு தடவை, எந்தக் கால் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். ஈஸ்ட் ஹாம் வீட்டுக் கணவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுதினேன்.

அபி சோபாவின் நுனியில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் சில கேள்விகள் உண்டு. "பள்ளிக்கூடம் பிடிக்குமா?" என்றேன். "ஓம்." "யார் உன் ஃப்ரெண்ட்?" ஒரு பெயர். நிறுத்தம். இன்னொரு பெயர். குறிப்புப் பகுதியில் 'கூச்ச சுபாவம்' என்று எழுதிவிட்டு, நன்றி சொல்லிப் படி இறங்கினேன்.

மூன்றேகால் மணிக்கு ஈஸ்ட் ஹாமில் என் மகனின் நர்சரி வாசலில் நின்றேன். நல்ல குளிர் காற்று. என் பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் பார்க்கிற முகம், போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இந்தக் குளிருக்கு அப்பாவுக்கு முட்டுக் கூடிப்போச்சு. ராத்திரி முழுக்கப் படுக்க ஏலாது, எழும்பி இருந்துதான் மூச்சு எடுத்தவர்."

அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தேன். "முட்டுன்னா என்னங்க?" என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு சொல்லுக்கு நான் பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்கட பக்கம் என்ன சொல்லுவீங்கள்? இழைப்பு. ஆஸ்துமா."

நர்சரிக் கதவு திறந்தது. மகன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். எனக்குச் சோபாவில் ஊன்றிய அபியின் இரண்டு கைகள்தான் தெரிந்தன.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே போனை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். பேட்டி முடிந்த குடும்பத்தை நாமாகத் தொடர்புகொள்ளக் கூடாது. வைத்திய ஆலோசனை சொல்லக் கூடாது. ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும், பிறகு திங்கட்கிழமைதான். ஒருவேளை இப்போதும் நான்தான் தவறாக நினைக்கிறேனோ? அந்தப் பிள்ளை நிஜமாகவே கூச்சக்காரியாக இருந்தால்? வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இவளுக்குத் தமிழும் தெரியவில்லை, பதற்றமும் அதிகம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டால்? இவையெல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில், தவறாக இருந்தால் எனக்கு வெட்கம், சரியாக இருந்தால் அவளுக்கு மூச்சு என்று பட்டது. ஆய்வுக்குப் பொறுப்பான நர்ஸை அழைத்தேன்.

அவர் ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தைகள் வார்டில் இருபது வருடம் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்பும் நடுநடுவே கேட்டேன். அவர் குறுக்கே நிறுத்தி ஒன்று மட்டும் கேட்டார்: "இப்போது சொன்னதில் நீ கேட்டது எது, பார்த்தது எது, நினைத்தது எது?"

நர்சரி வேலியைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். கேட்டது முட்டு. மூட்டு வலி நான் நினைத்தது. கூச்சமும் நான் நினைத்தது. பார்த்தது என்ன? கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தினாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. அத்தனையையும் பார்த்திருக்கிறேன். நாற்பது நிமிடம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"தாயை அழை. நானும் இதே இணைப்பில் இருக்கிறேன்" என்றார்.

அக்கா எடுத்தார். "அக்கா, காலையில வந்தேன்ல, அந்தப் பொண்ணுதான். அபி எப்படி இருக்கா?"

"அப்பிடியேதான். கொஞ்சம் கூடத்தான். சுடுதண்ணி குடுத்தனான்."

போனை அபியிடம் கொடுக்கச் சொன்னேன். நர்ஸ் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் கேட்டேன். "அபிக்குட்டி, ஆன்ட்டிக்கு ஒரு மூச்சில பத்து வரைக்கும் எண்ணிக் காட்டுறியா?"

"ஒண்டு." நிறுத்தம். "ரெண்டு." ஒரு சீழ்க்கை மாதிரி சத்தம். "மூண்டு." அதற்குமேல் மூச்சு மட்டும்தான் கேட்டது.

நர்ஸ் இன்னொரு போனில் ஆம்புலன்ஸை அழைப்பது எனக்குக் கேட்டது. அக்காவிடம் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது.

"அம்புலன்ஸ் வேண்டாம் தங்கச்சி. வேண்டாம். நீங்கள்தானே காலமை வந்து முதலிலை கேட்டனீங்கள், பிள்ளை எங்கை பிறந்தது எண்டு. சின்னவன் எண்டா பரவாயில்லை, அவன் இங்கை பிறந்தவன். இவளைக் கொண்டுபோனா என்ன கேப்பினமோ. எங்களாலை ஏதும் பிரச்சினை வந்திடும்."

அபியை ஏன் எந்த டாக்டரிடமும் பதியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் பிறந்த பிள்ளைக்கு இங்கே உரிமை இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அட்டையும் பேனாவுமாக நான் போய், அந்தக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்டு, அந்தப் பயத்துக்கு முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறேன்.

பேட்டி எடுப்பவர் தன் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்பதும் நம் விதிதான். அன்றைக்கு அதை மீறினேன்.

"அக்கா, என் பையனும் இங்க பொறக்கல. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலன்னு நான் ஊருக்குப் போயிட்டேன், அவன் திருநெல்வேலியில பொறந்தான். போன மாசம் காய்ச்சல்ல அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதல்ல அவனைத்தான் பார்த்தாங்க. எங்க பொறந்தான்னு பார்த்து மருந்து குடுக்கல. நான் கேட்டது கணக்குக்கு மட்டும்தான். என் மேல தப்பு, சொல்லிட்டுக் கேட்டிருக்கணும். அவங்க வந்தா கதவைத் திறங்க. தயவுசெஞ்சு திறங்க."

அந்தப் பக்கத்தில் தம்பி எதையோ கீழே போட்டு உடைக்கிற சத்தம்.

"நீங்கள் உண்மையாத்தான் சொல்லுறியளோ?"

"என் பிள்ளை மேல சத்தியமா."

"பிள்ளை மேலை சத்தியம் பண்ணாதேங்கோ" என்று அந்த நிலையிலும் என்னை அதட்டினார். "சரி. திறக்கிறன்."

நான் போனை வைக்கவில்லை. அபியை நிமிர்ந்து உட்காரவைக்கச் சொன்னேன், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தச் சொன்னேன், எல்லாம் நர்ஸ் சொல்லச் சொல்ல. என் மகன் என் கைப்பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, பேருந்துச் சீட்டைத் தின்ன ஆரம்பித்திருந்தான். பிறகு தூரத்தில் கதவு தட்டும் சத்தம். "ஆக்கள் வந்திட்டினம்" என்றார் அக்கா. இணைப்பு அறுந்தது.

சனி, ஞாயிறு எப்படிப் போயின என்பதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். விதிப்படி நான் மறுபடி அழைக்கக் கூடாது. அழைக்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் குளிர்கோட்டைக் கழற்றும் முன்பே சொன்னார்: அபி இரண்டு நாள் வார்டில் இருந்தாள், நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள், போகும்போது ஆஸ்பத்திரி டோஸ்டைப் பற்றிப் புகார் சொன்னாளாம்.

படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை. தவறு தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியான சொல், தேதி, கையொப்பம். அதுதான் முறை. 'மூட்டு வலி'யை அடித்து 'ஆஸ்துமா' என்று எழுதினேன். 'கூச்ச சுபாவம்' என்பதையும் அடித்தேன். அந்த இரண்டாவது கோட்டைத்தான் மெதுவாகப் போட்டேன்.

அதன் பிறகு நடந்த இரண்டு காரியங்களில் எனக்குப் பெருமை உண்டு. சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிறந்த இடம் பற்றிய கேள்வி இப்போது உங்கள் படிவத்தில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால், 'இந்தப் பதில் வைத்தியத்துக்குச் சம்பந்தப்பட்டதல்ல, எங்கே பிறந்த பிள்ளையையும் டாக்டரிடம் பதியலாம்' என்று வாசிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. அந்தத் தமிழ் வரி நான் எழுதியது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி திருத்தியது. இன்னொன்று, படிவத்தின் பின்னால் இணைத்திருக்கும் சொற்பட்டியல். முதல் சொல் வருத்தம், இரண்டாவது முட்டு. இப்போது அதில் நான்கு பக்கம் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் தமிழ்நாடு என்று கேள்விப்பட்டேன். அதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தால் பட்டியலில் இல்லாத சொல் வரும்போது மறுபடி தலையை ஆட்டுவீர்கள். "எனக்கு விளங்கலையே அக்கா, அப்படின்னா என்ன?" என்று கேட்டுப் பழகுங்கள். சிரிப்பார்கள். கேக்கும் தருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிற என் புத்தியைப் பற்றி எனக்கு எப்போதும் வெட்கம்தான். அந்த வெள்ளிக்கிழமை என் சந்தேகம் தவறவில்லை. எந்தக் கால் என்று கேட்கலாமா என்று சரியான இடத்தில்தான் வந்து நின்றது. வாயைத் திறக்காததுதான் என் தவறு. உங்களில் யாராவது என்னைப் போன்றவர் இருந்தால், இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமானவர்தான்.

ஒரு வருடம் கழித்து இரண்டாம் சுற்றுப் பேட்டி வந்தது. அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். அக்காவே என்னைத்தான் கேட்டிருந்தார். மூன்று மாடி ஏறி நான்தான் மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்தது அபி.

"அம்மா, முட்டு அன்ட்டி வந்திருக்கிறா!"

"பேரைப் பார்" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினார். "குறை நினையாதேங்கோ தங்கச்சி, இவர்தான் அப்பிடிச் சொல்லிப் பழக்கிப் போட்டார்."

இந்த முறை டாக்டர் பெயரைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் உடனே வந்தது. அபி உள்ளே ஓடிப்போய்த் தன் இன்ஹேலர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நீலம் ஒன்று, மண்நிறம் ஒன்று. "என்ர ரெண்டு பம்ப். தம்பி இங்கை பிறந்தவன்தான், ஆனா அவனுக்கு ஒண்டும் இல்லை" என்றாள். தம்பி தனக்கும் வேண்டும் என்று தரையில் உருண்டு அழுதான்.

பழைய படிவத்தைப் பயிற்சிக்குக் காட்டலாமா என்று அப்போதுதான் அனுமதி கேட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "காட்டுங்கோ. அடுத்த ஆள் பிழை விடாதெல்லோ" என்றார்.

புறப்படும்போது அபி வாசலில் வழிமறித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே வாயை நிறைத்து மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒண்டு ரெண்டு மூண்டு நாலு ஐஞ்சு. பத்தில் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இருபதில் முகம் சிவந்தது. "காணும் பிள்ளை, காணும்" என்று நிறுத்தச் சொன்னார் அக்கா. இருபத்தாறில்தான் விட்டாள்.

படிவத்தின் ஓரத்தில் 26 என்று எழுதிக்கொண்டேன். பிறகு கணினியில் ஏற்றுகிற பெண் அலுவலகத்திலிருந்து அழைத்து, அந்த எண்ணை எந்தக் கேள்விக்குப் போடுவது என்று கேட்டாள். எதற்கும் போட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம் என்றேன்.